ஈரலின் விஞ்ஞானம் யாருக்குச் சொந்தம்?

ஒரு மாத்திரை, ஆயிரம் டாலர்!

2013 டிசம்பரில் அமெரிக்கச் சந்தையில் 'சோவால்டி' என்ற மாத்திரையை இறக்கிய கிலியட் கம்பெனி வைத்த விலை இது. நாளைக்கு ஒன்று வீதம் 12 வாரம் விழுங்க வேண்டும். 84 மாத்திரைகளுக்கு 84,000 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 52 லட்சம் ரூபாய்!

தங்கத்தை உருக்கிச் செய்த மாத்திரையா இது? இல்லை. லிவர்பூல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரூ ஹில்லும் அவருடைய சகாக்களும் 2014ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பெருவாரியாகத் தயாரித்தால், 12 வார மருந்தின் அடக்கச் செலவு 68 டாலரிலிருந்து 136 டாலர் வரைதான் ஆகும். அதிகபட்சக் கணக்கையே எடுத்துக் கொள்வோம். 136 டாலர் சரக்கு 84,000 டாலருக்கு விற்கப்பட்டது. அறுநூறு மடங்குக்கும் மேல்!

அடக்க விலைக்கு மேல் அறுநூறு மடங்கு வைத்து விற்கிற மளிகைக் கடைக்காரனை நம் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? அந்தப் பெயரை இங்கே அச்சிட வேண்டியதில்லை. ஆனால் மருந்து ஏகபோகக் கம்பெனி இதையே செய்தால் அதற்கு 'புதுமைக்குக் கிடைத்த வெகுமதி' என்று பெயராம்!

"அமெரிக்கக் கம்பெனி, அமெரிக்க விலை. பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன அக்கறை?" என்று சிலர் கேட்கலாம். அக்கறை இருக்கிறது, தோழர்களே. இந்த மாத்திரை குணப்படுத்தும் நோய் 'ஹெபடைடிஸ் சி', அதாவது ஈரலைத் தின்னும் சி வகை வைரஸ் நோய். உலக சுகாதார ஸ்தாபனம் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ல் இந்தியாவில் மட்டும் சுமார் 55 லட்சம் பேருடைய உடலில் இது இருந்தது. இதன் உடன்பிறப்பான 'பி' வகை கிட்டத்தட்ட 3 கோடிப் பேரிடம் இருந்தது. உலகம் முழுவதிலும் வைரஸ் ஈரல் நோய்களால் அந்த ஒரே ஆண்டில் 13 லட்சம் பேர் மடிந்தார்கள். நாளொன்றுக்கு 3,500 பிணங்கள்!

இருபது, முப்பது வருஷம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து, ஈரலை நார் நாராக்கி, வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுக்கும்போதுதான் பலருக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரிகிறது. காய்ச்சலுக்கு லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகிறவனுக்கு, வலி இல்லாத நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள நேரம் ஏது?

நோய் யாரைத் தேடி வந்தது?

நைல் நதிப் பாசனத்தில் உழைத்த எகிப்து விவசாயக் கூலிகளின் கதையைக் கேளுங்கள்.

வருஷம் முழுவதும் வாய்க்கால் நீரில் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். அந்த நீரில் நத்தைகள் உண்டு. நத்தையிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு, தண்ணீரில் நிற்பவனின் தோலைத் துளைத்து உள்ளே போகும். 'பில்ஹார்சியா' என்பது அந்த நோய். சிறுநீரில் ரத்தம் போகும். ஈரலும் மண்ணீரலும் வீங்கும்.

இதை ஒழிக்க எகிப்து சர்க்கார் 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டது. ஆன்டிமனி உப்பு கலந்த மருந்து. ஒருமுறை அல்ல, வாரக்கணக்கில் பல முறை ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். கண்ணாடி ஊசிக் குழல்கள் கொஞ்சம். வரிசையில் நின்ற ஜனங்களோ ஏராளம். சரியாகக் கொதிக்க வைக்காத ஊசி ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போயிற்று. ஒருவன் ரத்தத்தில் இருந்த சி வைரஸ் அடுத்தவனுக்குப் போயிற்று. அப்படி ஒரு வைரஸ் இருப்பதை அன்று உலகில் யாரும் அறியவில்லை.

விளைவு என்ன? 2008ல் எகிப்தில் நடந்த தேசிய ஆய்வில், 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேரின் ரத்தத்தில் இந்த வைரஸ் தொட்ட அடையாளம் இருந்தது. உலகிலேயே மிக மோசமான நிலை அது. வாய்க்காலில் நின்றவன் புழுவை வாங்கினான். புழுவுக்கு வைத்தியம் செய்யப் போய் வைரஸை வாங்கினான். வயல் அவனுடையதல்ல, நோய் மட்டும் அவனுடையது!

ஊசி மறுபடி மறுபடி உபயோகிக்கப்படுவது, பரிசோதிக்காத ரத்தம் ஏற்றப்படுவது, குப்பையில் வீசப்பட்ட ஊசி துப்புரவுத் தொழிலாளியின் கையில் குத்துவது — சி வைரஸ் வரும் வழிகளில் இவையும் சேர்ந்தவை. இது ஏழையைத் தேடி வரும் நோய். மருந்தோ கோடீஸ்வரனைத் தேடிப் போகிறது.

ஈரலுக்குள் நடக்கும் வேலை

மருந்து எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள, ஈரலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் படித்தவர்களுக்கு மட்டும் உரிய ரகசியமாக ஆக்கி வைத்திருப்பதும் சுரண்டலின் ஒரு பகுதிதான். நாம் பஞ்சாலை உதாரணத்தாலேயே சொல்லிவிடலாம்.

ஒரு மில்லில் கார்டிங், ஸ்பின்னிங், ரீலிங் என்று பல டிபார்ட்மெண்டுகள் உண்டு. எல்லா டிபார்ட்மெண்டிலும் ஒரே பெரிய புத்தகம் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். மில்லின் எல்லா வேலைக்கும் உரிய குறிப்புகள் அதில் உண்டு. ஆனால் கார்டிங்கில் கார்டிங் பக்கங்களை மட்டும்தான் திறப்பார்கள். ஸ்பின்னிங்கில் ஸ்பின்னிங் பக்கங்களை மட்டும்தான். எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்று பார்த்துக்கொள்ள ஒரு மேஸ்திரி இருப்பார்.

நம் உடலும் இப்படித்தான். கண்ணின் உயிரணுவிலும் ஈரலின் உயிரணுவிலும் இருப்பது ஒரே புத்தகம். அதில் சுமார் 20,000 குறிப்புகள். அவற்றுக்கு 'மரபணுக்கள்' என்று பெயர். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள், ரத்தத்தில் ஓடும் ஆல்புமின், நஞ்சை முறிக்கும் பொருள்கள் — இவற்றைச் செய்வதற்கான பக்கங்களை ஈரல் திறந்து வைக்கிறது. மற்றவற்றை மூடி வைக்கிறது. திறப்பதற்கு ஈரலுக்கென்று மேஸ்திரிப் புரதங்கள் இருக்கின்றன. இந்தத் திறப்பையும் மூடலையும்தான் விஞ்ஞானிகள் மரபணுக் கட்டுப்பாடு என்கிறார்கள்.

ஈரல் தன் பக்கங்களை மட்டும் பிரதி எடுக்கிறதா, அல்லது எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டு வேண்டாததைக் கிழித்துப் போடுகிறதா? நியூயார்க்கில் ஜேம்ஸ் டார்னெல் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் 1981ல் விடை சொன்னது: பிரதி எடுக்கும் கட்டத்திலேயே தேர்வு நடக்கிறது. அதற்குப் பின் பத்து ஆண்டுகளுக்குள் ஈரலின் மேஸ்திரிப் புரதங்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன.

எடுத்த பிரதியைப் பிறகு மடக்கிப் போடவும் ஈரலில் ஆள் உண்டு. 22 எழுத்து அளவே உள்ள குறுந்துண்டு ஒன்று, 'மைக்ரோ ஆர்.என்.ஏ. 122' என்று பெயர். வேண்டாத பிரதிகளை மடக்குவது அதன் வேலை. ஈரலுக்கு வாய்த்த காவல்காரன் என்று சொல்லலாம். 2005ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் சார்னோவின் குழு ஒரு விசித்திரத்தைக் கண்டது. சி வைரஸ் இந்தக் காவல்காரனையே கைக்குள் போட்டுக்கொள்கிறது! தன் தலைமாட்டில் அவனை நிறுத்திக்கொண்டு, தன்னைக் கிழிக்க வரும் பொருள்களிடமிருந்து தப்பிக்கிறது. இந்தக் குறுந்துண்டு நிறைய இருப்பது ஈரலில்தான். வைரஸ் ஈரலையே பிடித்துக்கொண்டு வாழ்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

திருடனுக்கு வாட்ச்மேன் உடந்தை! மில் நிர்வாகத்தின் தில்லுமுல்லுகளைப் பார்த்த நமக்கு இது புரியாத விஷயமா?

கண்டுபிடித்தவர்கள் யார்? காசு கொடுத்தவர்கள் யார்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த அறிவெல்லாம் எந்தக் கம்பெனியின் கல்லாப் பெட்டியிலிருந்து பிறந்தது?

1975ல், ரத்தம் ஏற்றியவர்களுக்கு வரும் ஈரல் நோயில் பெரும்பகுதி 'ஏ'யும் அல்ல, 'பி'யும் அல்ல, வேறு ஒன்று என்று காட்டியவர் ஹார்வி ஆல்டரும் அவருடைய சகாக்களும். அவர்கள் வேலை பார்த்த இடம் அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார நிலையம். இருதய ஆபரேஷனுக்கு வந்த நோயாளிகளின் ரத்தம்தான் அந்த ஆராய்ச்சிக்கு மூலப்பொருள்.

1989ல் வைரஸை அடையாளம் கண்டது கைரான் என்ற கம்பெனியின் ஆய்வுக்கூடம். உண்மைதான், மறைக்க மாட்டோம். ஆனால் அந்த வேலைக்கு நோய் கண்ட சிம்பன்சிக் குரங்கின் ரத்தத்தைக் கொடுத்து ஒத்துழைத்தவர் டேனியல் பிராட்லி. அமெரிக்க சர்க்காரின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்து விஞ்ஞானி. வைரஸின் பேடண்ட், அதாவது காப்புரிமை, கம்பெனியின் கைக்குப் போயிற்று.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த மைக்கேல் ஹூட்டன் பின்னாளில் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2013ல் கனடாவின் கெய்ர்ட்னர் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு லட்சம் கனடா டாலர். தம்மோடு சேர்ந்து உழைத்த குய்-லிம் சூவையும் ஜார்ஜ் குவோவையும் சேர்க்காமல் தமக்கு மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். விஞ்ஞானம் கூட்டு உழைப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பரிசில் பங்காளிகளை விட்டுவிட மனம் வராத விஞ்ஞானி ஒரு பக்கம். கோடிக்கணக்கான நோயாளிகளை விட்டுவிடத் தயங்காத முதலாளி மறு பக்கம்!

1997ல், இந்த ஒரு வைரஸே நோயை உண்டாக்கப் போதும் என்று நிரூபித்தவர் சார்லஸ் ரைஸ். செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1999ல், வைரஸின் மரபுப் பொருளை ஈரல் உயிரணுக்களில் பெருகவைத்து, மருந்துகளைச் சோதிக்க வழி திறந்தவர்கள் ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகரும் வோல்கர் லோமனும். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தார். அவர்கள் உபயோகித்த உயிரணுக்கள் ஜப்பானில் ஒரு ஈரல் புற்றுநோயாளியிடமிருந்து எடுத்து 1982லிருந்து வளர்க்கப்பட்டவை. அந்த நோயாளியின் பெயரை உலகம் அறியாது. அவர் ஈரலின் ஒரு துளி இல்லாமல் இந்த மருந்துச் சோதனைக்கு அன்று வழி பிறந்திருக்காது.

ஆல்டர், ஹூட்டன், ரைஸ் மூவருக்கும் 2020ல் நோபல் பரிசு கிடைத்தது. வரி கொடுத்த ஜனங்களுக்கும் ரத்தம் கொடுத்த நோயாளிகளுக்கும் கிடைத்தது, ஆயிரம் டாலர் மாத்திரை!

'லாபம் இல்லையேல் மருந்து இல்லை' என்னும் புரட்டு

முதலாளிகளின் வக்கீல்கள் இங்கே குறுக்கிடுவார்கள். "மருந்தை உருவாக்கியது பல்கலைக்கழகமா? கம்பெனிதானே? பரிசோதனைக்குப் பணம் கொட்டியது யார்? லாபம் கிடைக்காவிட்டால் நாளை யார் மருந்து கண்டுபிடிப்பார்கள்?"

பதில் சொல்வோம். சோவால்டி மருந்தை உருவாக்கியது மைக்கேல் சோஃபியா என்ற ரசாயன விஞ்ஞானியின் குழு. திறமையான வேலை, அந்த உழைப்புக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அவர் வேலை பார்த்தது கிலியட் கம்பெனியில் அல்ல, ஃபார்மாசெட் என்ற சிறு கம்பெனியில். மருந்து தேறிவிடும் என்று தெரிந்த பிறகு, 2011 நவம்பரில், சுமார் 1,100 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்குவதாக கிலியட் அறிவித்தது. விளைந்த பயிரை வரப்பில் நின்று பேரம் பேசுகிற வியாபாரி, விதைத்தவன் தான்தான் என்று சொல்லிக்கொள்வது போன்றது இது.

போட்ட பணத்தை எடுக்க எத்தனை காலம் ஆயிற்று? ஒரே வருஷம்! 2014ல் சி வைரஸ் மருந்துகளின் விற்பனை 1,240 கோடி டாலர். 2015ல் 1,910 கோடி டாலர். கொடுத்த விலையைக் காட்டிலும் அதிகப் பணம் முதல் வருஷ விற்பனையிலேயே வந்துவிட்டது. அப்புறமும் விலை ஏன் உச்சத்தில் நின்றது? 'ஆராய்ச்சிச் செலவு' என்ற பல்லவி அப்போது எங்கே போயிற்று?

நாம் சொன்னால் வர்க்கக் காய்ச்சல் என்பார்கள். அமெரிக்க செனட் சபையின் நிதிக் கமிட்டி சொன்னதைக் கேளுங்கள். ஒரு கட்சிக்கு வைடன், மறு கட்சிக்கு கிராஸ்லி என்று இரு கட்சி செனட்டர்கள் சேர்ந்து 18 மாதம் கம்பெனியின் உள் தஸ்தாவேஜுகளைப் புரட்டினார்கள். 2015 டிசம்பரில் வந்த அறிக்கையின் முடிவு: எவ்வளவு அதிகம் வசூலிக்க முடியுமோ அவ்வளவு வசூலிப்பதே விலைக்குக் காரணம், அந்த விலையால் எத்தனை பேருக்கு மருந்து எட்டாமல் போகும் என்று தெரிந்தே வைக்கப்பட்டது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே எழுதிய தீர்ப்பு இது!

அமெரிக்காவின் ஏழைகளுக்கு என்ன கதி? ஏழைகளுக்கான சர்க்கார் வைத்திய உதவித் திட்டத்தில், பல மாநிலங்கள் ஒரு நிபந்தனை போட்டன: ஈரல் நன்றாக நைந்து போனவர்களுக்கு மட்டுமே மருந்து! மற்றவர்கள் நையும் வரை காத்திருக்க வேண்டும். வீடு முழுவதும் எரிந்த பிறகுதான் தண்ணீர் கொடுப்போம் என்பது எந்த ஊர் தர்மம்?

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். இந்த மாத்திரை விழுங்கும்போது செயலற்ற சரக்கு. ஈரலின் சொந்த நொதிகள்தான் அதை வெட்டி, மாற்றி, வைரஸின் பிரதியெடுப்பில் பொய் எழுத்தாக நுழைந்து வேலையை நிறுத்தும் மருந்தாக்குகின்றன. அதாவது உற்பத்தியின் கடைசிக் கட்ட வேலையை நோயாளியின் ஈரலே செய்கிறது, கூலி இல்லாமல்! கூலி இல்லா வேலையும் செய்துவிட்டு, விலையையும் அவனே கட்ட வேண்டும். சுரண்டல் தொழிற்சாலை வாசலோடு நிற்பதில்லை, தோழர்களே. ஈரல் வரை வந்துவிட்டது.

விலை எங்கே உடைந்தது?

அந்த விலை பகவான் எழுதிய விதி அல்ல. எதிர்த்து நின்ற இடத்திலெல்லாம் உடைந்தது.

எகிப்தைப் பாருங்கள். அங்கே உழைப்பாளிகளின் ஆட்சி நடக்கவில்லை. ஆனாலும் நோயாளிகளின் எண்ணிக்கையே சர்க்காரை அசைத்தது. இந்த மருந்துக்கு அங்கே பேடண்ட் தரப்படவில்லை. 2014ல் அதே கம்பெனி, அதே மருந்தை, எகிப்துக்கு 900 டாலருக்குக் கொடுத்தது. 84,000 எங்கே, 900 எங்கே? பிறகு எகிப்தின் சொந்தத் தொழிற்சாலைகள் தயாரிக்கத் தொடங்கின. 12 வார மருந்து 50 டாலருக்கும் கீழே வந்தது. 2018 அக்டோபரில் தொடங்கிய இயக்கத்தில், ஏழு மாதத்துக்குள் ஏறக்குறைய 5 கோடிப் பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. நோய் கண்டவர்களுக்கு இலவச மருந்து. 2023 அக்டோபரில், இந்த நோயை ஒழிக்கும் பாதையில் தங்கத் தரத்தை எட்டிய முதல் நாடு என்று எகிப்தை உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது.

உலகிலேயே மோசமாக இருந்த நாடு முதலிடத்துக்கு வந்தது எப்படி? புது விஞ்ஞானத்தாலா? மாத்திரை அதே மாத்திரை. மாறியது விலையும் சர்க்காரின் உறுதியும்தான்!

நம் நாட்டில்? 1970ம் ஆண்டுப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று வைத்திருந்தது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தில், 2005 ஜனவரி முதல் பொருளுக்கே காப்புரிமை வந்தது. ஆயினும் அன்று நடந்த போராட்டத்தால் சில கதவுகள் அடைபடாமல் நின்றன. பேடண்ட் கொடுக்கும் முன்பே யாரும் ஆட்சேபிக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. அந்தக் கதவு வழியாக நோயாளிகள் சங்கங்களும் மற்றவர்களும் 2013லிருந்து இந்த மருந்தின் மனுக்களை எதிர்த்தார்கள். வழக்குகள் நிலுவையில் இருந்தபோதுதான், 2014 செப்டம்பரில், ஏழு இந்தியக் கம்பெனிகளுக்கு கிலியட் உற்பத்தி லைசென்ஸ் கொடுத்தது. கருணையாலா? கணக்காலா? வாசகர்களே முடிவு செய்யட்டும். 2015 ஜனவரியில் இந்தியப் பேடண்ட் அலுவலகம் ஒரு மனுவை நிராகரித்தது. கோர்ட்டுக்குப் போய் வந்த பிறகு 2016 மே மாதம் அனுமதித்தது.

அந்த லைசென்ஸிலும் சூது இருந்தது. 91 நாடுகளுக்கு விற்கலாம். பட்டியலில் இல்லாத நாடுகளுக்கு விற்கக் கூடாது. விடுபட்ட நாடுகளில் ஒன்றாக இருந்த மலேசியா சும்மா இருக்கவில்லை. 2017ல் கம்பெனி அந்நாட்டைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது; அதோடு நில்லாமல் அதே ஆண்டு செப்டம்பரில் மலேசிய சர்க்கார், பேடண்டை மீறி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மலிவு மருந்தை வரவழைக்கும் உத்தரவைப் போட்டது. தட்டினால் திறக்கும் கதவு இது. கும்பிட்டு நின்றால் திறக்காது.

இங்கே பஞ்சாப் மாநிலம் 2016ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் இலவசம் என்று ஆவணத்தில் இருந்தால் போதுமா? பரிசோதனை செய்யாதவனுக்கு இலவச மருந்து இருந்தென்ன, இல்லாமல் என்ன? 2022ல் உலகம் முழுவதிலும் பி வைரஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தமக்கு அது இருப்பதே தெரியும்; மருந்து பெற்றவர்கள் நூற்றுக்கு 3 பேர்தான்.

அடுத்த கொள்ளை தயாராகிறது

'சி வைரஸ் கதை முடிந்ததுதானே, இப்போது ஏன் எழுதுகிறீர்கள்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கதை முடியவில்லை. அடுத்த காண்டம் தொடங்கிவிட்டது.

ஈரலின் பக்கங்களைத் திறக்கவும் மூடவும் விஞ்ஞானம் கற்றுக்கொண்டுவிட்டது என்று சொன்னோமல்லவா? இப்போது அதையே மருந்தாக்குகிறார்கள். ஒரு குறிப்பிட்ட பிரதியை மட்டும் தேடிப் பிடித்துக் கிழிக்கும் குறுந்துண்டு மருந்துகள் வந்துவிட்டன. ஈரலின் ஒரு மரபணு மிதமிஞ்சி வேலை செய்வதால் தாங்க முடியாத வயிற்று வலியைக் கொடுக்கும் 'போர்ஃபிரியா' என்ற அரிய நோய்க்கு, 2019 நவம்பரில் 'கிவோசிரான்' என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒரு ஊசி. அறிவித்த விலை, ஆண்டுக்கு 5,75,000 டாலர்! சுமார் 4 கோடி ரூபாய்.

இதன் வேர் எங்கே? இரட்டை இழை ஆர்.என்.ஏ.வால் மரபணுவை அடக்கலாம் என்பதை 1998ல் ஒரு புழுவில் கண்டவர்கள் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும்; சர்க்கார் மானியத்தில் வேலை செய்தவர்கள். 2006ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மருந்து வேறெங்கும் போகாமல் ஈரலுக்கே போய்ச் சேருவது எப்படி? அதன் வாலில் ஒரு சர்க்கரையைக் கட்டியிருக்கிறார்கள். ஈரல் உயிரணுவின் மேல் அந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் கொக்கி ஒன்று உண்டு. அந்தக் கொக்கியைக் கண்டுபிடித்தது அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார நிலையத்து கில்பர்ட் ஆஷ்வெல்லும் அவருடைய சகா அனடோல் மோரலும். 1960களின் கடைசியிலும் 1970களிலும் நடந்த ஆராய்ச்சி. பூட்டைக் கண்டுபிடித்தது ஜனங்களின் பணம். சாவியைச் செய்து கோடிகளில் விற்பது கம்பெனி!

ரத்தம் உறையாத ஹீமோபிலியா 'பி' நோய்க்கு 2022 நவம்பரில் அனுமதி பெற்ற 'ஹெம்ஜெனிக்ஸ்' மருந்தின் விலை 35 லட்சம் டாலர்; சுமார் 28 கோடி ரூபாய். நல்ல மரபணுவை ஈரலுக்குள் செலுத்தி, ஈரலில் மட்டும் வேலை செய்யும் சுவிட்ச் ஒன்றை அதோடு பொருத்தும் வைத்தியம் இது. அந்த வழி மனிதரில் பலிக்கும் என்று 2011ல் காட்டியது எந்தக் கம்பெனியும் அல்ல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும், நன்கொடையால் நடக்கும் அமெரிக்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றும் சேர்ந்து காட்டின.

"அரிய நோய்கள், நோயாளிகள் கொஞ்சம், அதனால் விலை அதிகம்" என்பார்கள். ஆனால் இதே முறை அரிய நோய்களோடு நிற்கவில்லை. 2020ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற 'இன்க்ளிசிரான்', ஈரலின் ஒரு மரபணுவை அடக்கி ரத்தக் கொழுப்பைக் குறைக்கிறது. இது கோடிக்கணக்கானவர்களின் நோய். நாளை பி வைரஸையே முற்றாக அடக்கும் மருந்து இதே வழியில் வருமானால், அதன் மேல் எழுதப்படும் விலை என்ன? இன்றே கேட்காவிட்டால், அன்று கேட்டுப் பயனில்லை. பயிர் கதிர் பிடித்த பிறகு வேலி போடுகிறவன் புத்திசாலி அல்ல.

நாம் கேட்பது என்ன?

விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை. ஈரலின் ரகசியங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்த ஆராய்ச்சியாளர்கள் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். அவர்கள் உழைப்பின் பலனைத் தட்டிப் பறிப்பவனும் நம் உழைப்பின் பலனைத் தட்டிப் பறிப்பவனும் ஒரே வர்க்கம். எனவே நாம் கேட்கிறோம்:

ஜனங்களின் வரிப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு எந்தக் கம்பெனிக்கும் ஏகபோகமாகப் போகக் கூடாது. லைசென்ஸ் கொடுத்தால், விலை வரம்பு அதிலேயே எழுதப்பட வேண்டும். ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் ஆன செலவைக் கம்பெனிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

பேடண்ட் சட்டத்தில் ஜனங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஆட்சேபிக்கும் உரிமையையும், அவசரத்தில் சர்க்காரே உற்பத்திக்கு உத்தரவிடும் உரிமையையும் எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் அடகு வைக்கக் கூடாது.

இலவசப் பரிசோதனை ஜில்லா ஆஸ்பத்திரியோடு நிற்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்ஸரிக்கும் வர வேண்டும். பரிசோதனை நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டிய பி வைரஸ் தடுப்பூசி ஒரு கூலிக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தவறக் கூடாது. துப்புரவுத் தொழிலாளிகளுக்குத் தடுப்பூசியும் குத்தாத கையுறையும் உரிமையாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஊசி போட்டால், புது ஊசியா என்று வாய் திறந்து கேளுங்கள். முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பலருக்கும் ஒரே ஊசி போட்ட இடத்தில் வைத்தியம் பார்த்தவர்கள், சங்கக் கிளை மூலமாகத் திரண்டு போய்ப் பரிசோதனை கேளுங்கள். சி வைரஸ் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகும் நோய். குணமாகும் நோயில் ஒரு தொழிலாளி சாவது விதி அல்ல, அது கொலை!

நைல் நதிக் கூலியின் ரத்தமும், பெயர் தெரியாத ஜப்பானிய நோயாளியின் ஈரலும், வரி கொடுத்த கோடிக்கணக்கான ஜனங்களின் வியர்வையும் சேர்ந்து எழுதிய புத்தகம் அது. அதன் பக்கங்களைத் திறக்கும் உரிமை உலக உழைப்பாளி மக்கள் அனைவருக்கும் உண்டு.

ஈரலின் விஞ்ஞானம் ஜனங்களுக்கே சொந்தம்! ஏகபோகக் கொள்ளையரின் பூட்டு உடையட்டும்!